நிலக்கரி, யுரேனியம், சூரிய ஒளி: ஆற்றல் மூலங்களை ஒப்பிடும்போது எழும் கேள்விகள்

எந்த எரிபொருள் நல்லது என்ற விவாதத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்வதால் பேச்சு முடிவுக்கு வருவதே இல்லை. ஒருவர் விபத்தைப் பேசுகிறார். இன்னொருவர் செலவைப் பேசுகிறார். மூன்றாமவர் இரவில் சூரியன் இல்லையே என்கிறார். மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் ஒரு கேள்வியை ஒரு மூலத்திடம் மட்டும் கேட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவது நியாயமில்லை. ஆகவே கீழுள்ள பதில்களில் முடிந்தவரை ஒரே அளவை வைத்துக்கொண்டிருக்கிறேன்: ஒரு யூனிட் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடச் செலவாகும் ஆற்றல். அந்த ஒரு யூனிட்டுக்கு எது செலவாகிறது, அது எப்போது கிடைக்கிறது, பின்னால் எது மிஞ்சுகிறது என்பதை எல்லா மூலங்களிடமும் கேட்டுப் பார்ப்போம்.

ஆற்றல் மூலங்களைப் புதைபடிவ எரிபொருள், அணு, புதுப்பிக்கத்தக்கவை என மூன்று வகையாகப் பிரிப்பது எதன் அடிப்படையில்?

ஆற்றல் எங்கிருந்து வந்தது, எடுத்துச் செலவழித்தால் அது மனிதர் வாழ்நாளுக்குள் மீண்டும் நிரம்புமா என்ற இரண்டையும் வைத்து. உலகின் பழைய நிலக்கரிப் படுகைகளில் பல, 30 கோடி முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலங்களில் செழித்த காடுகளின் எச்சம். படுகையை ஒட்டிய களிப்பாறையைப் பிளந்தால், பெரணி இலையொன்று நரம்புகள் உட்படக் கருப்பாகப் பதிந்திருப்பதைச் சில வேளைகளில் காணலாம். அந்த இலை பிடித்துவைத்த வெயிலைத்தான் இன்று கொதிகலனில் எரிக்கிறோம். கச்சா எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் பெரும்பாலும் பழங்காலக் கடல்களில் மிதந்த நுண்ணுயிர்களிலிருந்து வந்தவை.

யுரேனியத்துக்கும் நம் சூரியனுக்கும் தொடர்பே இல்லை. சூரியன் பிறப்பதற்கு முன்பே வேறு விண்மீன்களின் அழிவில் உருவாகி, பூமி திரண்டபோது அதோடு சேர்ந்துகொண்ட தனிமம் அது. மூன்றாவது வகையில் சூரிய ஒளி, காற்று, ஓடும் நீர், உயிர்ப்பொருள் ஆகியவை இன்றைய வெயிலின் பல வடிவங்கள். கடல் ஓதம் பெரும்பாலும் நிலவின் ஈர்ப்பால் வருவது. புவிவெப்பத்தில் ஒரு பகுதி பூமிக்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் சிதைவதால் உண்டாகிறது. வெந்நீர் ஊற்றில் வரும் சூட்டிலும் அணுக்கருவுக்குப் பங்கு உண்டு என்பதால், இந்தப் பிரிவினை நாம் நினைக்கும் அளவுக்குக் கறாரானது அல்ல.

கண்டிப்பாகச் சொன்னால் வெயிலும் காற்றும் எரிபொருளே அல்ல. அங்கே எதுவும் எரிவதில்லை. செலவைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும்.

இவையெல்லாம் மின்சாரமாக மாறும் விதம் ஒன்றுதானா?

பெரும்பாலானவற்றில் கடைசிப் படி ஒன்றுதான்: ஒரு சுழலி சுற்ற வேண்டும், அதோடு இணைந்த ஜெனரேட்டர் சுற்ற வேண்டும். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை முகப்பவுடர் போல நைஸாக அரைத்து, காற்றோடு கலந்து உலைக்குள் ஊதி எரிக்கிறார்கள். அந்தச் சூட்டில் நீர் ஆவியாகி, உயர் அழுத்தத்தோடு சுழலியைச் சுழற்றுகிறது. அணுமின் நிலையத்தில் சூடு அணுக்கருப் பிளவிலிருந்து வருகிறது; அதற்குப் பிறகு அங்கும் நீராவிதான், சுழலிதான். சார்லஸ் பார்சன்ஸ் 1884-இல் உருவாக்கிய நீராவிச் சுழலியின் வழித்தோன்றல்களை இரண்டு நிலையங்களிலும் பார்க்கலாம். நீர்மின் நிலையத்தில் நீரும் காற்றாலையில் காற்றும் சூட்டின் துணையில்லாமலே சுழலியைத் தள்ளுகின்றன. சோலார் தகடு மட்டும் விதிவிலக்கு: சிலிக்கானில் ஒளி படும்போது எலெக்ட்ரான்கள் நேரடியாக நகர்கின்றன, சுற்றும் பாகம் எதுவும் இல்லை.

சூட்டை இயக்கமாக மாற்றும் எந்த இயந்திரமும் சூட்டில் ஒரு பகுதியை வெளியே விட்டே ஆக வேண்டும் என்பது இயற்பியல் விதி. அதனால் நிலக்கரியின் ஆற்றலில் 33 முதல் 45 சதவீதமும், அணு உலையின் சூட்டில் ஏறத்தாழ 33 சதவீதமுமே மின்சாரமாகின்றன. எரிவாயுச் சுழலியின் புகைச்சூட்டைக்கொண்டு நீராவிச் சுழலியையும் ஓட்டும் கூட்டு நிலையங்கள் 60 சதவீதத்தைத் தொடுகின்றன. நீர்மின் சுழலிகள் 90 சதவீதம் வரை தருகின்றன. காற்றாலையால் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்கவே முடியாது என்பதை ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டினார். இன்றைய சோலார் தகடுகள் 20 முதல் 23 சதவீதம்.

சூரியத் தகட்டின் 20 சதவீதத்தைச் சுட்டிக்காட்டி அது தரக்குறைவு என்று சொல்வோர் உண்டு. எரிபொருளுக்குச் செலவு இல்லாத இடத்தில் திறன் குறைந்தால் வீணாவது நிலப்பரப்பு. நிலக்கரியில் திறன் குறைந்தால் வீணாவது எரிபொருள், கூடுவது புகை. இரண்டு சதவீதங்களும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல.

ஒரு கிலோ எரிபொருளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது?

உலர்ந்த விறகில் சுமார் 16 மெகாஜூல், நல்ல நிலக்கரியில் 24 முதல் 30, பெட்ரோலில் 45-ஐ ஒட்டி, இயற்கை எரிவாயுவில் 50-க்கு மேல். இவையெல்லாம் ஒரே குடும்பம். யுரேனியத்தில் எளிதாகப் பிளக்கும் வகையான யுரேனியம்-235 ஒரு கிலோ முழுவதும் பிளந்தால் வெளிவருவது ஏறத்தாழ 8 கோடி மெகாஜூல். அதாவது சுமார் 3,000 டன் நிலக்கரிக்குச் சமம். ஒரு கார்பன் அணு எரியும்போது சுமார் 4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கிடைக்கிறது. ஒரு யுரேனியம் அணுக்கரு பிளந்தால் சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட். எரிதல் என்பது அணுவின் வெளிவட்டத்து எலெக்ட்ரான்களின் இடமாற்றம். பிளவு என்பது கருவே உடைவது. வித்தியாசத்தின் காரணம் அதுதான்.

ஆனால் உலைக்குள் போவது தூய யுரேனியம்-235 அல்ல. இயற்கை யுரேனியத்தில் அது 0.7 சதவீதம் மட்டுமே. பெரும்பாலான உலைகளுக்கு 3 முதல் 5 சதவீதம் வரை செறிவூட்ட வேண்டும். அப்படிச் செறிவூட்டிய யுரேனியத்தின் ஆக்சைடை அழுத்திச் சுட்டுச் செய்யும் வில்லை, சுண்டுவிரலின் நுனி அளவே இருக்கும். கருப்பு நிறம், பீங்கான் போன்ற கடினம், எடை சுமார் 7 கிராம். உலைக்குள் போகாத புது வில்லையைக் கையுறை அணிந்த கையால் எடுத்துப் பார்க்கலாம். அந்த ஒரு வில்லை உலையில் இருந்து முடிப்பதற்குள் ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரியின் வேலையைச் செய்துவிடுகிறது.

நமது அளவுகோலில் சொன்னால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கைக்குள் அடங்கும் ஒரு நிலக்கரிக் கட்டி, சுமார் நானூறு ஐந்நூறு கிராம், எரிய வேண்டும். 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் நிலக்கரியை, நாளொன்றுக்கு 8,000 டன்னை, விழுங்குகிறது. அதே அளவுள்ள அணுமின் நிலையத்துக்கு ஆண்டு முழுவதற்கும் சுமார் 25 டன் எரிபொருள் போதும். அந்த 25 டன்னைச் செய்ய 200 டன் அளவுக்கு இயற்கை யுரேனியமும், அதை எடுக்கப் பல்லாயிரம் டன் தாதுவும் தோண்டப்படுகின்றன என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

1,000 மெகாவாட் சூரிய நிலையமும் 1,000 மெகாவாட் அணுமின் நிலையமும் சமமா?

இல்லை. செய்திகளில் மிக அதிகமாகக் குழப்பப்படும் இடம் இதுதான். மெகாவாட் என்பது உச்சத் திறன். யூனிட் என்பது உண்மையில் கிடைத்த மின்சாரம். நன்றாக நடத்தப்படும் அணு உலை ஆண்டின் 90 சதவீத நேரத்துக்கு ஈடாக முழுத் திறனில் ஓடுகிறது. காற்றாலைக்கு அந்த விகிதம் இடத்தைப் பொறுத்து 25 முதல் 45 சதவீதம். சூரிய நிலையத்துக்கு 10 முதல் 25 சதவீதம். ஆகவே ஓர் ஆண்டில் 1,000 மெகாவாட் அணு உலை தரும் அதே யூனிட்களைப் பெறச் சுமார் 4,500 மெகாவாட் சோலார் தகடுகள் வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு இரண்டு ஹெக்டேர் என்று வைத்தால் அது 90 சதுர கிலோமீட்டர். அணுமின் நிலையம் ஓரிரு சதுர கிலோமீட்டரில் அடங்கிவிடும். தகடுகள் கட்டடக் கூரைகளிலும் தரிசு நிலத்திலும் பரவலாம், காற்றாலைகளின் நடுவே உழவு நடக்கலாம் என்பதும் உண்மையே.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது?

சுரங்கம், தொழிற்சாலை, கட்டுமானம், ஓட்டம், இறுதியில் இடித்து அகற்றுதல் என முழு வாழ்நாளையும் சேர்த்துக் காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அரசுகளுக்கிடையிலான குழு 2014-இல் தந்த நடு மதிப்புகள் இவை: நிலக்கரிக்கு யூனிட்டுக்கு 820 கிராம், எரிவாயுவுக்கு 490, பெரிய சூரிய நிலையத்துக்கு 48, நீர்மின்சாரத்துக்கு 24, அணுவுக்கு 12, காற்றுக்கும் அதையொட்டி. சூரியத் தகடு தயாரிக்கவும் நிலக்கரி மின்சாரம்தானே செலவாகிறது என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது: அந்தச் செலவும் சேர்ந்துதான் 48. தன்னைச் செய்யச் செலவான ஆற்றலை ஒரு தகடு ஓரிரு ஆண்டுகளிலேயே திருப்பித் தந்துவிட்டு, 25 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கிறது.

எரிவாயுவின் 490 என்ற எண்ணை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். கிணற்றிலும் குழாயிலும் எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. கசிவு சில சதவீதத்தைத் தாண்டினால் நிலக்கரியைவிட எரிவாயு மேல் என்ற வாதம் தளர்ந்துவிடும்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாயின் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது 315-ஐ ஒட்டி இருந்தது.

எது அதிக உயிர்களைப் பறிக்கிறது?

இந்தக் கேள்விக்கு நம் மனம் தரும் விடையும் கணக்கு தரும் விடையும் வெவ்வேறு. விபத்து, காற்று மாசு இரண்டையும் சேர்த்து, 100 கோடி யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நிலக்கரிக்கு அது சுமார் 25 பேர், எண்ணெய்க்கு 18, எரிவாயுவுக்கு 3, நீர்மின்சாரத்துக்கு 1.3. காற்று, அணு, சூரியன் மூன்றுக்குமே 0.1-ஐ விடக் குறைவு. அணுவின் கணக்கில் செர்னோபில், ஃபுகுஷிமா அணு உலை விபத்துகளும் சேர்க்கப்பட்டுள்ளன. நீர்மின்சாரத்தின் எண்ணை உயர்த்துவது பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சி: 1975 ஆகஸ்டில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் பான்சியாவ் அணை உடைந்து பல்லாயிரக்கணக்கானோர் மாண்டது. உலகம் செர்னோபிலை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு அந்த அணையை நினைவில் வைத்திருக்கவில்லை.

நிலக்கரியால் இறப்பவர் ஒருவரையும் நாம் கண்ணால் பார்ப்பதில்லை. புகையில் வரும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லாதது, நுரையீரலின் அடி வரை போய் இரத்தத்தில் கலக்கிறது. பத்து இருபது ஆண்டுகள் கழித்து மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வருகிறது. இறப்புச் சான்றிதழில் நிலக்கரி என்று எவரும் எழுதுவதில்லை. 1952 டிசம்பரில் லண்டன் நகரத்தை ஐந்து நாட்கள் மூடிய நிலக்கரிப் புகைமூட்டம், முதல் கணக்கில் 4,000 பேரையும் பிந்தைய மதிப்பீடுகளில் 12,000 பேர் வரையும் பலிகொண்டது. ஒரே வாரத்தில் நடந்ததால் அது வரலாறாயிற்று. அதே சாவு ஆண்டு முழுவதும் பரவி நடந்தால் செய்தியாவதில்லை. வீட்டுக்கு உள்ளும் புறமுமான காற்று மாசு ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் பேரின் ஆயுளைக் குறைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், எரிக்கும் புகையின் பங்கு மிகப் பெரியது. இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த ஓர் எண்ணையாவது மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அணு உலை அணுகுண்டு போல வெடிக்குமா?

வெடிக்காது. குண்டுக்கு யுரேனியம்-235 சுமார் 90 சதவீதம் வரை செறிவூட்டப்படுகிறது. உலையில் இருப்பது 5 சதவீதத்துக்குள். அந்தச் செறிவில் குண்டு போன்ற வெடிப்பு நிகழ வழியில்லை. நடக்கக்கூடியவை வேறு: நீராவி அழுத்தத்தால் வெடிப்பு, ஹைட்ரஜன் வெடிப்பு, எரிபொருள் உருகுதல், கதிரியக்கப் பொருள் வெளியே பரவுதல்.

அப்படியானால் செர்னோபிலிலும் ஃபுகுஷிமாவிலும் நடந்தது என்ன?

செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26 அதிகாலை, ஒரு சோதனைக்காக உலையை நிலையற்ற குறைந்த திறனுக்குக் கொண்டுவந்து, பாதுகாப்பு ஏற்பாடுகள் சிலவற்றை முடக்கி வைத்திருந்தார்கள். அந்த வகை உலையில் குளிர்விக்கும் நீர் ஆவியானால் பிளவு வேகம் குறைவதற்குப் பதில் கூடும். அவசர நிறுத்தத்துக்கான கட்டுப்பாட்டுக் கோல்களின் நுனியில் கிராஃபைட் இருந்ததால், கோல்கள் இறங்கிய முதல் சில விநாடிகளில் வேகம் இன்னும் கூடியது. நிறுத்துவதற்கான பொத்தானே வெடிப்புக்குத் துணைபோயிற்று. உறுதியான வெளிக்கூடும் அங்கில்லை. அன்றிரவு இருவரும், கடும் கதிர்வீச்சு நோயால் அடுத்த சில மாதங்களில் 28 பேரும் இறந்தனர். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான சிறார்களுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்தனர். மிக அதிகக் கதிர்வீச்சுக்கு உள்ளானவர்களிடையே காலப்போக்கில் 4,000 இறப்புகள் வரை நேரலாம் என்று 2005-இல் உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் மதிப்பிட்டன.

ஃபுகுஷிமாவின் கதை வேறு. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் உலைகள் ஒழுங்காகவே நின்றன. ஆனால் உலையை நிறுத்தினாலும் சூடு நிற்பதில்லை: பிளவில் உண்டான பொருள்கள் தொடர்ந்து சிதைவதால், நின்ற கணத்தில் முழுத் திறனில் 6 முதல் 7 சதவீதமும், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதமும் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். பெரிய உலைக்கு அந்த அரை சதவீதமே 15 மெகாவாட். அதை நீரால் அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, பம்புகள் நின்றன, மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். கதிர்வீச்சைவிட அந்த அவசர இடப்பெயர்ச்சி, குறிப்பாக முதியோரும் நோயாளிகளும் அலைக்கழிக்கப்பட்டது, அதிக உயிர்களைப் பறித்தது. ஊரையும் நிலத்தையும் இழந்தவர்களின் துயரத்தை யூனிட் கணக்கில் அடக்க முடியாது. அணுசக்தியை ஆதரித்துப் பேசுகிறவர்கள் அதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

கழிவு என்று வரும்போது எது மோசம்?

மூன்றுக்கும் கழிவு உண்டு. அது எங்கே போகிறது என்பதில்தான் வேறுபாடு. நிலக்கரியின் கழிவில் பெரும்பகுதியை நாம் காற்றில் விட்டுவிடுகிறோம். ஒரு கிலோ கார்பன் எரிந்தால் 3.67 கிலோ கரியமில வாயு ஆகிறது, ஏனெனில் ஆக்சிஜனின் எடையும் சேர்ந்துகொள்கிறது. எரியாமல் மிஞ்சும் சாம்பலில் பாதரசம், ஆர்சனிக், ஈயம் எல்லாம் சிறு அளவில் உண்டு. 10 முதல் 40 சதவீதம் சாம்பலுள்ள நிலக்கரி என்றால், மேலே சொன்ன ஒரே நிலையத்திலிருந்து ஆண்டுக்கு 3 லட்சம் முதல் 12 லட்சம் டன் சாம்பல். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற இடத்தில் 2008 டிசம்பரில் சாம்பல் குட்டையின் கரை உடைந்து, 40 லட்சம் கன மீட்டருக்கும் மேலான சாம்பல் சேறு ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்தது. இந்த நஞ்சுகளுக்கு அரை ஆயுள், அதாவது பாதியாகச் சிதைய ஆகும் காலம், கிடையாது; பாதரசம் என்றைக்கும் பாதரசம்தான்.

அணுக்கழிவு அளவில் சிறியது, தன்மையில் கொடியது. 1954 முதல் உலகின் எல்லா அணுமின் நிலையங்களிலிருந்தும் வெளிவந்த எரிபொருள் மொத்தம் சுமார் 4 லட்சம் டன். உலையிலிருந்து எடுத்ததும் அதை நீர்த்தொட்டியில் மூழ்கவைக்கிறார்கள். சில மீட்டர் நீரே கதிர்வீச்சைத் தடுத்துவிடுகிறது, தொட்டியின் அடியில் நீல ஒளி ததும்பிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகள் ஆறியபின் கான்கிரீட்டும் எஃகும் சூழ்ந்த பெட்டிகளுக்கு மாற்றுகிறார்கள். சீசியம்-137-இன் அரை ஆயுள் 30 ஆண்டுகள். ஆகவே மிகத் தீவிரமான கதிர்வீச்சு சில நூற்றாண்டுகளில் அடங்கும். புளூட்டோனியம்-239-க்கு 24,100 ஆண்டுகள். அதற்காகவே ஃபின்லாந்து, ஆன்கலோ என்ற இடத்தில் சுமார் 190 கோடி ஆண்டு பழமையான பாறையில் 430 மீட்டர் ஆழத்துக்குக் குடைந்திருக்கிறது. செம்புக் கலங்களில் அடைத்து, நீர் பட்டால் உப்பிப் பெருகும் களிமண்ணைச் சுற்றிலும் நிரப்பிப் புதைப்பது திட்டம். ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற யுரேனியச் சுரங்கத்தில் சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே அணுப்பிளவு நடந்திருந்தது 1972-இல் தெரியவந்தது. அந்தக் கழிவுகளில் பல, கலமும் களிமண் சுவரும் இல்லாமலே, உண்டான இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை என்பது பாறையின் மேல் நம்பிக்கை தருகிறது.

சூரியத் தகடுகளில் எடையளவில் பெரும்பங்கு கண்ணாடியும் அலுமினியமும். மீட்க முடிந்தவை, ஆனால் மீட்கும் தொழிற்சாலைகள் போதாது. 2050-க்குள் 7 கோடியே 80 லட்சம் டன் பழைய தகடுகள் சேரலாம் என்று பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2016-இல் கணித்தது. காற்றாலையின் எஃகுக் கோபுரத்தை உருக்கலாம். கண்ணாடி இழை இறக்கைகளை மறுசுழற்சி செய்வது இன்னமும் கடினம்.

சூரியன் மறைந்தபின் என்ன செய்வது?

புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் உண்மையான பலவீனம் விலையோ திறனோ அல்ல, நேரம். மின் கட்டமைப்பில் ஒவ்வொரு விநாடியும் தேவையும் உற்பத்தியும் சமமாக இருக்க வேண்டும். நண்பகலில் சூரிய மின்சாரம் பொங்கி வழியும். விளக்கேற்றும் நேரத்தில், தேவை உச்சத்தில் இருக்கும்போது, அது பூஜ்யமாகும். காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கக்கூடிய ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும்.

சில மணி நேர இடைவெளிக்குத் தீர்வு கைவசம் உண்டு. மலைமேல் ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு நீர்த்தேக்கங்கள் அமைத்து, மிகுதி மின்சாரத்தில் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கும் நீரேற்று நிலையங்கள் கொடுத்ததில் 70 முதல் 80 சதவீதத்தைத் திருப்பித் தருகின்றன. லித்தியம் பேட்டரிகளின் விலை 2010-க்குப் பின் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவுக்கு வீழ்ந்ததால், மாலை நேரத்து உச்சத்தை அவற்றைக்கொண்டு சமாளிப்பது இன்று பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கடினமானது நாட்கணக்கான, பருவக்கணக்கான இடைவெளி: குளிர்காலத்தில் ஒரு வாரம் மேகமும் மூடி, காற்றும் நின்றால் பேட்டரிகள் தாங்கா. தொலைதூர மின்தடங்கள், நீர்மின்சாரம், அணு, சிறிதளவு எரிவாயு ஆகியவற்றில் ஏதோ ஒன்று அங்கே கைகொடுக்க வேண்டும். ஐஸ்லாந்து, நார்வே போல நீரும் புவிவெப்பமும் வாய்த்த நாடுகளுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

அனல், அணு நிலையங்களும் தடையற்றவை அல்ல. கோடைக்காலத்தில் ஆற்று நீர் அளவுக்கு மீறிச் சூடானதால் பிரான்ஸ் 2003-இலும் 2022-இலும் சில அணு உலைகளின் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது.

எது மலிவு?

எரிபொருள் இல்லாத மூலத்துக்குச் செலவு முழுவதும் தொடக்கத்திலேயே. நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் செலவு ஒவ்வொரு நாளும். அணு இரண்டுக்கும் நடுவில்: எரிபொருள் அற்பம், கட்டுமானம் மலை. சோலார் தகடுகளின் விலை 2010-க்கும் 2020-க்கும் இடையில் ஏறத்தாழ 90 சதவீதம் இறங்கியது. புதிதாகக் கட்டும் நிலையங்களில் யூனிட் விலை மிகக் குறைந்தவை இன்று பெரும்பாலும் சூரியனும் காற்றுமே. சேமிப்புச் செலவைச் சேர்த்தால் இடைவெளி சுருங்கும்.

அணுவின் சிக்கல் காலதாமதம். ஃபின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ மூன்றாம் உலையின் கட்டுமானம் 2005-இல் தொடங்கியது. முறையான உற்பத்தி 2023-இல்தான். பிரான்ஸின் ஃபிளமான்வில் மூன்றாம் உலை 2007-இல் தொடங்கி 2024 டிசம்பரில் மின் கட்டமைப்பில் இணைந்தது. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் கடனுக்கு வட்டி ஏறுகிறது. ஆனால் இதே பிரான்ஸ் 1974-இல் எடுத்த முடிவின்படி, ஏறத்தாழ பதினைந்தே ஆண்டுகளில் ஒரே மாதிரியான உலைகளை வரிசையாகக் கட்டி, தன் மின்சாரத்தின் பெரும்பகுதியை அணுவுக்கு மாற்றிக் காட்டியது. தாமதம் அணுப்பிளவின் விதி அல்ல. ஒவ்வொரு முறையும் புது வடிவமைப்பைத் தொடங்குவதன் விளைவு என்றே நான் கருதுகிறேன்.

நிலக்கரியும் எண்ணெயும் எப்போது தீர்ந்துபோகும்?

இன்றைய வேகத்தில் எடுத்தால், அறியப்பட்ட இருப்பு எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் சுமார் 50 ஆண்டுகள், நிலக்கரிக்கு 130 ஆண்டுகளுக்கு மேல். புதுக் கிணறுகளும் புதுத் தொழில்நுட்பமும் வரவர இந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். தீர்ந்துபோகும் என்று காத்திருப்பது தவறான கவலை. நிலத்தடியில் இருப்பதையெல்லாம் எரித்து முடிப்பதற்கு வெகு முன்பே வளிமண்டலத்தின் தாங்குதிறன் முடிந்துவிடும்.

விறகும் உயிர்ப்பொருளும் உண்மையிலேயே புதுப்பிக்கத்தக்கவையா?

மீண்டும் வளர்த்தால் மட்டும். வைக்கோல், கரும்புச் சக்கை, சாணம் போன்ற கழிவுகளிலிருந்து ஆற்றல் எடுப்பது நல்லது. முதிர்ந்த மரத்தை வெட்டி எரித்தால் கார்பன் ஒரு நாளில் வெளியேறுகிறது. அதை உறிஞ்ச இன்னொரு மரம் பல பத்தாண்டுகள் வளர வேண்டும். சமையலறையில் விறகுப் புகையை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு, எரிவாயு அடுப்புக்கு மாறுவதே உடனடியான விடுதலை. எல்லாப் புதைபடிவ எரிபொருளும் எல்லா இடத்திலும் தீமை என்று சொல்ல முடியாது என்பதற்கு இது சான்று.

ஹைட்ரஜன் இந்தப் பட்டியலில் எங்கே வருகிறது?

எங்கும் வராது. அது மூலம் அல்ல, சுமந்து செல்லும் கலம். மின்சாரத்தால் நீரைப் பிரித்தோ எரிவாயுவிலிருந்தோ அதைச் செய்ய வேண்டும். அந்த மின்சாரமோ எரிவாயுவோ எங்கிருந்து வந்தது என்பதுதான் அதன் தூய்மையைத் தீர்மானிக்கும்.

உலகின் ஆற்றலில் 80 சதவீதம் இன்னமும் புதைபடிவம் என்கிறார்களே, மாற்றம் சாத்தியமா?

எண் ஏறத்தாழச் சரிதான். ஆனால் அது எரிபொருளில் உள்ள மொத்தச் சூட்டைக் கணக்கிடுகிறது, பயனைக் கணக்கிடுவதில்லை. பெட்ரோல் காரில் எரிபொருளின் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதமே சக்கரத்துக்குப் போகிறது. மின்சாரக் காரில் 75 சதவீதத்துக்கு மேல். வீணாகும் சூட்டுக்கெல்லாம் மாற்று தேட வேண்டியதில்லை. மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 2023-இல் உலக உற்பத்தியில் புதுப்பிக்கத்தக்கவை முதன்முறையாக 30 சதவீதத்தை எட்டின. அணு சுமார் 9 சதவீதம். நிலக்கரி மட்டும் ஏறத்தாழ 35. இரும்பு, சிமென்ட், கப்பல், விமானம் ஆகியவை மின்மயமாக்கக் கடினமானவை. அங்கே மாற்றம் மெதுவாகத்தான் வரும்.

அணு உலைகளை முதலில் மூடுவதா, அனல்மின் நிலையங்களையா?

ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று மூடியது. அந்த ஆண்டு அதன் மின்சாரத்தில் கால்பங்கு அளவு நிலக்கரியிலிருந்து வந்தது. பிரிட்டன் 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியது. 1882-இல் லண்டனில் தொடங்கிய 142 ஆண்டுக் கதை அன்றோடு முடிந்தது. மேலே சொன்ன கிராம் கணக்கையும் உயிர்க் கணக்கையும் பார்த்தபின், பாதுகாப்பாக ஓடும் உலையை நிலக்கரிக்கு முன் மூடுவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் வரும் ஒவ்வொரு யூனிட்டும் முதலில் அகற்ற வேண்டியது நிலக்கரியின் யூனிட்டைத்தான். புது உலை கட்டுவதா வேண்டாமா என்பது வேறு கேள்வி. அதற்கு நிலம், நீர், மேற்பார்வைத் திறமை, காலம் இவற்றைப் பொறுத்து ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விடை இருக்கலாம்.

அணுக்கரு இணைவு, அதாவது இலேசான அணுக்கருக்களை ஒன்றாக்கி ஆற்றல் எடுக்கும் முறை, வந்துவிட்டால் இந்த ஒப்பீடே தேவையில்லையே?

2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவிலுள்ள தேசியப் பற்றவைப்பு ஆய்வகத்தில், 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைப் பெற்றார்கள். அது மகத்தான அறிவியல் சாதனை. ஆனால் அந்த லேசரைச் சுட மின் இணைப்பிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். கிடைத்த சூட்டிலிருந்து ஒரு யூனிட் மின்சாரமும் எடுக்கப்படவில்லை. நம் அளவுகோலில் இணைவின் கணக்கு இன்னும் பூஜ்யத்தில்தான் நிற்கிறது. இன்று அனல்மின் நிலையத்தின் கொதிகலனுக்குள் போகும் நிலக்கரியைக் குறைக்க, இன்று கையில் இருக்கும் மூலங்கள்தாம் உதவும்.